வீட்டுக்காரர் நம்பர்

எங்கள் கம்பெனி டி-ஷர்ட்டின் முதுகில் "யாரையும் கேட்காதே, கிளம்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு மலையேறக் கிளம்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தின் மூன்றாவது கட்டம்: வீட்டுக்காரர் பெயர், செல் நம்பர், கட்டாயம். இதை எழுதியவரும் அதை எழுதியவரும் ஒரே ஆள்தான், என் பார்ட்னர். ஒரே நாளில், ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒரு நிமிஷம்கூட அவருக்கு உறுத்தவில்லை.

ஆரம்பத்தில் படிவமும் கிடையாது, டி-ஷர்ட்டும் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் சேஃப்டி பிரிவில் இருந்தேன். ஹெல்மெட் போடு, கையுறை போடு என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கிங்கில் இருந்த எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு வேனில் ஆந்திர எல்லையைத் தாண்டி மலையேறப் போனேன். யாரிடமும் ஷூ இல்லை. தொழிற்சாலையில் கொடுத்த சேஃப்டி ஷூவையே மாட்டிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த அந்தக் கனத்தோடு பாறை பாறையாக ஏறி, அருவியில் குளித்து, புளிச்சோறு தின்று, சாயங்காலம் வீடு திரும்பினார்கள்.

வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டு வந்தது ஒரே பொய். "கம்பெனில சேஃப்டி டிரெயினிங்." ஓவர்டைம் என்றால் புருஷன் காசு எங்கே என்று கேட்பான். டிரெயினிங்குக்குக் காசு கிடையாது என்பது எந்தப் புருஷனுக்கும் தெரியும். தொழிற்சாலை நீலக் கோட்டு, டிபன் பாக்ஸ், சேஃப்டி ஷூ எல்லாம் பொருத்தமாக வேறு இருந்தன. ஒரு மனுஷி ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையைப் பார்க்க இவ்வளவு வேஷம் கட்ட வேண்டியிருந்தது.

பார்ட்னர் அதே தொழிற்சாலையில் ஹெச்.ஆர். மேடமாக இருந்தவர். நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுத்தோம். தொழில் வளர்ந்தது, பொய் சொல்லவில்லை. பழவேற்காட்டில் துடுப்புப் படகு, நாகலாபுரம் பக்கம் மலையேற்றம், அப்புறம் இமயமலை. சென்னையிலிருந்து ஆளுக்கு இரண்டு ஊன்றுகோலோடு பெண்கள் வந்து இறங்கினார்கள். முட்டி உயரமுள்ள ஒரு பாறையைத் தாண்டிவிட்டு, "என்னையே நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்று கண்ணீரோடு வீடியோ போட்டார்கள். என் தோளில் கை போட்டு, "அக்கா, உங்க ஸ்டோரி ரொம்ப இன்ஸ்பைரிங்" என்பார்கள். என் கதை இன்னதென்று ஒருத்திகூடக் கேட்டதில்லை.

வேன் போய் மூன்று பஸ் ஆனதற்கு மலை காரணமில்லை. பார்ட்னர் தொடங்கிய 'குடும்பங்கள்' வாட்ஸ்அப் குரூப்தான் காரணம். படிவத்தில் நம்பர் கொடுத்த புருஷன்மார் எல்லோரும் அதில் இருப்பார்கள். அரை மணிக்கு ஒரு படம் போட்டு, "உங்கள் வீட்டுப் பெண்கள் பத்திரம்" என்று நாங்கள் எழுத வேண்டும். பெண்களுக்கு மட்டுமான கம்பெனி, அதன் வாடிக்கையாளர்களோ ஆண்கள். ஆயிரம் அடி மூச்சு வாங்க ஏறி, டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் எங்கள் வீராங்கனைகள் செய்யும் முதல் காரியம் போனை எடுப்பதுதான். "கொழம்பு ஃப்ரிட்ஜ்ல மேல்தட்டுல இருக்குங்க... இல்ல, அது நேத்து வெச்ச ரசம்... லெஃப்ட்ல, லெஃப்ட்ல பாருங்க." பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். ரசத்துக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இவள் இமயமலை ஏறப் போகிறாள்.

முதல் வேனில் வந்த எட்டுப் பேரில் கடைசிவரை நின்றவள் ஒருத்திதான். வள்ளூர்க்காரி. பேக்கிங்கில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டவள். அவள் புருஷன் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அடிக்கிறவன், குடிக்கிறவன் எல்லாம் இல்லை. மலைக்குப் போகும் பொம்பளையைக் கற்பனை செய்யத் தெரியாதவன், அவ்வளவுதான். ஒரு தடவை டிவியில் மலையேறும் பெண்களைக் காட்டியபோது, "ஊட்ல வேல இல்லாததுங்க" என்று சேனலை மாற்றினானாம். அவனைப் பொறுத்தவரை தன் பெண்டாட்டி இன்னும் ஞாயிறுதோறும் சேஃப்டி டிரெயினிங்கில்தான் இருந்தாள். எத்தனை வருஷமாக ஒருத்தி ஹெல்மெட் போடக் கற்றுக்கொள்வாள் என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. குரூப் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவள் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுவாள்.

படிவம் வந்ததும் அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த நம்பரக் குடுத்தா என் ஞாயித்துக்கெழம போச்சுக்கா. வாரம் பூரா அந்த ஒரு நாள நெனச்சிக்கினுதான் நிக்கிறேன்."

என்னிடம் பழைய செல்போன் ஒன்று, யாருக்கும் தெரியாத நம்பரோடு சும்மா கிடந்தது. அந்த நம்பரை அவள் கட்டத்தில் எழுதினேன். திருப்பாச்சூர் கோயில் கோபுரத்தை டி.பி. படமாக வைத்தேன். குரூப்பில் சேர்ந்தேன், புருஷனாக.

நான் எதுவும் கேட்கமாட்டேன். எப்போது வருவாள் என்று கேட்கமாட்டேன். தொப்பி போடச் சொல்லுங்கள், தண்ணியில் இறங்கவிடாதீர்கள் என்று எழுதமாட்டேன். எல்லாப் படத்துக்கும் ஒரு கட்டைவிரல், காலையில் ஒரு வணக்கம். இந்த லட்சணத்துக்கே நான் குரூப்பின் தங்கமான மனுஷன் ஆகிவிட்டேன். மற்ற பெண்கள் அவளிடம், "உன் ஊட்டுக்காரரு மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட்டார்கள். சும்மா இருப்பதுதான் ஒரு ஆணின் உச்சபட்ச நல்ல குணம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆண்டுவிழாவுக்குத் திருவள்ளூரில் கல்யாண மண்டபம் பிடித்தோம். ஒரு வாரம் முன்பு பார்ட்னர் முகமெல்லாம் பல்லாக வந்தார். 'சிறந்த ஆதரவுக் கணவர்' என்று விருது, ஷீல்டு, சால்வை, மறுநாள் பேப்பரில் படம். பெண்டாட்டியை வாசல் தாண்ட விட்டதற்கு ஷீல்டு! யாருக்கு என்று கேட்டேன். "அந்த கோபுரம் டி.பி. வெச்சிருக்காரே, அவருக்குத்தான்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பெண்களுக்குக் கொடுங்கள் என்றேன். "பொம்பளைங்களுக்குத்தான் மெடல் குடுக்கிறோமே" என்றார். வள்ளூர்க்காரிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பேப்பரில் அவள் பேர் வந்தால் காட்டுப்பள்ளி வரை போகும். அன்று காலை புருஷன் நம்பரிலிருந்து, "ஷிஃப்ட் இருக்கு, வர முடியாது, மன்னிக்கவும், பேரும் போட வேண்டாம்" என்று அனுப்பினேன். இந்த அடக்கத்தைப் பார்த்துப் பார்ட்னருக்கு இன்னும் மரியாதை கூடிவிட்டது.

மேடையில் அவர் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். முன் வரிசையில் கணவன்மார் வெள்ளைச் சட்டையோடு, பின்னால் பெண்கள். பார்ட்னர் வள்ளூர்க்காரியின் பெயரைச் சொல்லி, அவள் கணவரின் பெருந்தன்மையைப் பத்து நிமிஷம் வர்ணித்தார். கடைசி வரிசையில் இருந்த அவள், இல்லாத ஷூ லேஸைக் கட்டக் குனிந்தாள். அன்றைக்குச் செருப்புதான் போட்டிருந்தாள்.

"அவரால வர முடியல. ஸ்பீக்கர்ல போட்டு அவர் குரலையாவது கேட்போம்" என்று பார்ட்னர் அந்த நம்பரை அழுத்திவிட்டு மைக்கைத் தன் செல்போன் பக்கம் பிடித்தார்.

என் கைப்பையில் மணி அடித்தது.

நான் அணைக்கவில்லை. கை வரவில்லை. மண்டபம் முழுக்க அது அடித்து ஓய்ந்தது. முதலில் பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் அவளுக்குப் பக்கத்தில், அப்புறம் மொத்தப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் ஒருவர் எழுந்து, "இன்னா மேடம், எங்கள நம்ப வெச்சி ஏமாத்துற வேலையா? இன்னும் இன்னான்னா மறைக்கிறீங்களோ" என்றார். ஒவ்வொருவராக அவரவர் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். சிரித்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அந்தச் சிரிப்புக்கு அவ்வளவுதான் ஆயுசு.

மறுவாரம் மூன்று பஸ் இல்லை. பழைய வேன்தான். பார்ட்னர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், ஆனால் படிவக் கட்டை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்பியிருந்தார். விஷயம் காட்டுப்பள்ளிக்கு விழா அன்று சாயங்காலமே போய்விட்டதென்று கேள்வி. நான் படிவக் கட்டோடு கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவள் வரமாட்டாள் என்று முடிவு கட்டியிருந்தேன்.

வந்தாள். நீலக் கோட்டு இல்லை. சேஃப்டி ஷூ மட்டும் இருந்தது.

"ஊட்ல இன்னாடி சொன்ன?"

"ஒன்னும் சொல்லலக்கா. ஒரு வாரமா கத்திக்கினுதான் கீறாரு. இன்னிக்கும் கத்தினாரு. நான் ஷூவ மாட்டிக்கினு கெளம்பிட்டேன்."

பழக்கதோஷத்தில் பழைய போனைப் பையிலிருந்து எடுத்தேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூன்றாவது கட்டத்தில் தானே எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

"இது உன் நம்பராச்சே."

"ஆமாங்கா. எனக்கு எதுனா ஆனா மொதல்ல எனக்குத்தான தெரியும்."

ஊரில் உள்ளவர்களையெல்லாம் கேவலமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கட்டத்துக்கு ஒரு புருஷனை ஜோடிக்கத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் நம்பரை எழுதலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கோபுரம் வைத்த அந்தப் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் வேனில் ஏறினேன்.