தெரு அடங்கிய பத்து நிமிடம்

என் கொழுந்தனாருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ஒலிபெருக்கி. அவர் வாயைத் திறந்தால் மூன்றாம் மாடியில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும்.

அண்ணனான என் கணவரை நம்பி அவர் நாடு விட்டு இந்த ஊருக்கு வந்தபோது பெட்டியில் இரண்டு சட்டையும் ஓர் இன்ஜினியர் பட்டமும்தான் இருந்தன. அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். குடிநீர்த் துறையில் குழாய்க்குப் பள்ளம் வெட்டும் வேலை கிடைத்தது. நாலு வருஷம் வெட்டினார். மாலையில் எங்கள் சமையலறை மேசையில் இந்த ஊர்ப் பரீட்சைக்குப் படிப்பார். நான் வெங்காயம் நறுக்குவேன், அவர் கணக்குப் போடுவார், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

கடவுள் கைவிடவில்லை, தேறி, அதே துறையில் இன்ஜினியரானார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? மேலதிகாரி காட்டிய அளவு தப்பு என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். சாமான் அறைக்கு மாற்றினார்கள். வேலையை உதறிவிட்டு நகரசபைத் தேர்தலில் நின்றார். வந்தவனுக்கு எதற்கு நாற்காலி என்று யாரோ சுவரில் எழுதினார்கள். பதினோரு ஓட்டில் ஜெயித்தார்.

மறு வருஷமே சோதனை வந்தது. மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. புதுத் தொட்டி கட்ட எங்கள் வரிசையில் பதினாறு வீடுகளை இடிக்கலாம் என்று சபையில் தீர்மானம் வந்தது. எங்கள் வீடு அதில் ஏழாவது.

தண்ணீர் குறையவில்லை, வழியில் ஒழுகுகிறது என்றாராம் கொழுந்தனார். ஒழுகினால் ரோடு நனையாதா என்று தலைவர் கேட்டாராம். கீழே பழைய வாய்க்கால் இருக்கிறது, அதில் விழுந்து ஓடிவிடுகிறது என்று இவர் சொல்ல, சபையே சிரித்ததாம். இடத்தைக் காட்டுகிறேன், தோண்டித் தண்ணீர் இல்லையென்றால் பதவியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏன் தம்பி, வீட்டோட நாற்காலியையும் சேத்துப் பந்தயம் வச்சுட்டீங்களே" என்றேன்.

"வீடு போனா நாற்காலிய எங்க போடறது, அண்ணி?"

பள்ளம் வெட்டிய காலத்தில் கற்ற வேலை அது. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார்கள். ஒழுகும் இடத்தில் அடியில் சீறும். ஆனால் எங்கள் தெருவில் பஸ்ஸும் பட்டறையும் போடுகிற சத்தத்தில் எதைக் கேட்பது? பத்து நிமிடம் தெருவே அடங்க வேண்டும் என்றார். நான் வீடு வீடாய்ப் போய்ச் சொன்னேன். சுவரில் எழுதியவர் வெல்டிங் பட்டறைக்காரர்தான் என்று எனக்குத் தெரியும். அவரிடமும் போனேன்.

"உங்களுக்காக நிறுத்துறேங்க. அவருக்காக இல்ல" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. குழாய்களை மூடினோம். பஸ்ஸைத் திருப்பத்திலேயே நிறுத்தினார்கள். அத்தனை பேரும் வாசலில் மூச்சடக்கி நிற்க, இவர் முழங்காலிட்டுக் கம்பியில் காதை வைத்து நகர்ந்து நகர்ந்து போனார். ஓரிடத்தில் நின்று சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டார்.

வரைபடத்தோடு வந்திருந்த அதிகாரி, "அங்க குழாயே இல்லையே" என்றார்.

"படத்துல இல்ல. பாறை வந்துச்சு, வளைச்சுப் போட்டோம். யாரும் படத்தைத் திருத்தல. வெட்டுனதே நான்தாங்க."

தோண்டினார்கள். முழங்கால் ஆழம், காய்ந்த மண். இடுப்பாழம், அதுவும் காய்ந்த மண். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடவுளே, வீடு போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளை தலைகுனியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"மண்ணு ஈரமா வருது" என்றார் பள்ளத்துக்குள் இருந்தவர். அடுத்த கொத்தில் தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. முதல் விசில் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தது.

மூன்றாம் நாள் மேட்டு வீட்டுக் குழாய்களில் தண்ணீர் ஏறியது. தீர்மானத்தைக் கைவிட்ட கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இவர் எழுந்ததும் ஊழியர் மைக்கை நீட்டினார். தலைவரே கையைக் காட்டித் தடுத்தார்.

"அவருக்கு எதுக்குய்யா மைக்?"

சபை சிரித்தது. இந்தமுறை இவரும் சேர்ந்து சிரித்தார்.