எசனிலிருந்து மலாவிக்கு ஒரு தகரக் கூரை

இரவு வேலைக்காரனுக்குப் பகலில் நித்திரை வராவிட்டால் இரண்டு வழிதான்: ஒன்று டாக்டர், மற்றது சங்கம். ஜேர்மனியில், எசன் நகரத்துப் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் நான் சங்கத்தைத் தெரிவுசெய்தேன். எங்கள் நகரத்தின் ஒரு பகுதியையும் மலாவியில் ஒரு மாவட்டத்தையும் நட்பாக இணைத்துவைத்திருக்கிற சங்கம். பழைய வானொலியிலும் பழைய புத்தகங்களிலும் பொறுக்கிய என் ஆங்கிலத்தை நம்பி மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள். நீங்களும் இப்படி ஏதாவது சங்கத்தில் அகப்பட்டவரென்றால், மிச்சத்தைச் சொல்லாமலே விளங்கும்.

என்ன வேண்டும்?

முதல் வீடியோ அழைப்பில் தலைவர் கிளவுஸ் அந்த மாவட்டத்துப் பிரசவ விடுதியின் தாதி கிரேஸிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். கூரை, என்றார் அவர். தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்வரை விடுதிக்குப் பக்கத்திலேயே தங்குகிறார்கள். கூட வந்த சொந்தக்காரர்தான் வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுப்பார்கள். மழை வந்தால் அடுப்பு இல்லை, சோறும் இல்லை. போன மழைக்கு ஒருத்தி பசி தாங்காமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது.

கிளவுஸ் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனுசன், ஆனால் எதையும் இரண்டாம் தரம் கேட்காமல் விடமாட்டார். “ஸ்கான் மெஷின் ஒன்று அனுப்பினால் இன்னும் பிரயோசனமாக இருக்காதா?” என்றார். கிரேஸ் தலையாட்டினார்.

“நல்லதுதான். அதற்கு வரிசையில் நிற்கிறவர்கள் எங்கே சமைப்பது?”

பழசு

கூரைக்கு உறுப்பினர் கூட்டம் கூடி வாக்களிக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க ஏலாமல் கிளவுஸ் பச்சைக் குழந்தைகளுக்குத் துணி சேர்த்தார். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சாந்தி அக்கா ஒரு பை நிறையப் பழைய நூல் சேலைகளைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தா. கிளவுஸ் ஒன்றை விரித்தார். ஓரத்தில் கிழிசல். திரும்ப மடித்து வைத்தார்.

“முப்பத்தொராம் நாள் கழியமுன்னம் பிள்ளைக்குப் புதுசு போடுறேல்லை. தோய்ச்சுத் தோய்ச்சு மெத்தெண்டு வந்த துணிதான் அதின்ரை தோலுக்குச் சரி. இதை அவருக்கு வடிவாச் சொல்லும் தம்பி” என்றா அக்கா.

சொன்னேன். அடுத்த கிழமை கிளவுஸும் வீட்டிலிருந்து பழைய படுக்கை விரிப்புகளோடு வந்தார்.

“வீட்டில் எது மிகப் பழையது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் என்னைக் காட்டினாள்.”

தமிழ் நேரம்

கோடையில் கூடிய கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. பாதிப் பேர் விடுமுறையில். அடுத்த கூட்டம் ஒக்டோபரில். அதுவும் கலைந்தால் அங்கே மழைக்கு முன் கூரை இல்லை. எங்கடை சனம் சிலரை உறுப்பினராகச் சேர்த்திருந்தேன். அவர்களைத்தான் நம்பியிருந்தேன். கூட்டம் ஆறு மணிக்கு. எப்படியும் பிந்துவார்கள் என்று ஐந்து மணி என்று சொல்லிவைத்தேன்.

ஐந்துக்கு முன்னமே எல்லாரும் வந்துவிட்டார்கள். மண்டபம் பூட்டு. திறப்பு கிளவுஸிடம். நல்ல மழை, ஒதுங்க ஒரு இடமில்லை. நான் போனபோது சாந்தி அக்கா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றா.

“முப்பது வருசமா இந்த நாட்டிலை Termin, Termin எண்டு குறிச்ச நேரத்துக்கு ஓடுறம். நீர் இன்னும் எங்களைத் தமிழ் நேரத்திலை வைச்சிருக்கிறீர் என்ன?”

உள்ளே போனதும் ஒருவர் எழுந்து, கூரை அவ்வளவு அவசரமா, வசந்தத்தில் பார்க்கலாமே என்றார். கிளவுஸ் கூரைக்கான வாக்கெடுப்புக் கேள்வியை வாசிக்கத் தொடங்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் வரிசை முழுதும் கை தூக்கியது. கிளவுஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேள்வியை நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.”

திருப்பிக் கேட்டது

கூரை ஒரு மாதத்தில் ஏறிவிட்டது. முதல் மழையன்று கிரேஸ் அழைத்தார். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஃபோனைத் திருப்பிக் காட்டினார். புகை, பானைகள், நிறைவயிற்றோடு ஒருத்தி குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மழை தணிந்ததும் கிரேஸ் சொன்னார்: நட்பு என்றால் இரண்டு பக்கமும்தானே, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் குழு கேட்கிறது. நான் மொழிபெயர்த்தேன். கிளவுஸ் அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தா. யோசித்துச் சொல்கிறோம் என்றார் கிளவுஸ்.

“ஆறுதலாக யோசியுங்கள். கேட்காமல் நாங்கள் ஒன்றும் அனுப்ப மாட்டோம்” என்றார் கிரேஸ்.

கூரை ஏற ஒரு மாதம் போதுமாயிருந்தது. எங்களுக்கு என்ன தேவை என்ற கேள்வியோ ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.