எல்லா ஊரும் ஒண்ணுதான்

பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் 'காது அக்கா' என்று பெயர். பொழுதுக்கும் ஹெட்போனும் தலையுமாக உட்கார்ந்திருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆராய்ச்சிக்காரர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் எடுத்து வரும் பேட்டிகளைக் கேட்டு, இருமல், சிரிப்பு ஒன்று விடாமல் டைப் அடிப்பதுதான் அவள் வேலை. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் சோறு. அதில் கையெழுத்துப் போடுகிறவர் பேராசிரியர்.

பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தது உலகக் குடிமக்கள் கல்வி. அதாவது நாடு, நிறம், மொழி பார்க்காமல் எல்லா மனுஷரையும் நம்மவராக நினைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது! வாயைத் திறந்தால் அந்த மனுஷனுக்குத் தேன்தான் ஒழுகும். டீ கொண்டுவந்து வைக்கிற பெண்ணை மட்டும் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஒருநாள் ஹெட்போனில் ஒரு சிறுமியின் குரல். பத்து வயசு. வேறு நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவளின் மகள். உனக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று பேராசிரியர் கேட்கிறார்.

"எந்த ஊர்லயும் எங்கள இருக்க விட மாட்டேங்கறாங்க சார். எங்களுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "வீட்டு விலாசத்துக்குப் பேப்பர் இல்லேன்னு, அடுத்த வாரத்துலேருந்து வர வேண்டாம்னுட்டாங்க பெரிய டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பாங்களா சார்?"

"ரொம்ப நன்றிம்மா. அடுத்த பிள்ளையை வரச் சொல்லு."

காது அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்து நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தத் தலைமையாசிரியை உங்க குழுவுலதானே இருக்காங்க? ஒரு போன் போட்டீங்கன்னா அந்தப் பிள்ளை படிக்கும்."

"நாம பாக்கறவங்க மட்டும்தான்மா. உள்ள பூந்து தலையிட்டா ஆராய்ச்சி கெட்டுடும்." சொல்லிவிட்டு உள்ளங்கையில் சானிட்டைசரை ஊற்றித் தேய்த்துக்கொண்டார்.

ஆராய்ச்சி கெட்டுடுமாம்! பிள்ளை கெட்டால் பரவாயில்லையா? கேட்க நாக்கு துடித்தது, ஒப்பந்தம் வந்து குறுக்கே நின்றது. அவளே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். "நீங்க யாரு?" என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றிய மாநாடு வந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர்: 'எல்லா ஊரும் ஒண்ணுதான் – பத்து வயது உலகக் குடிமகள்.' முன்பாதியைக் காணோம். அழுகையையும் காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இவர்கள் அதையே சோறென்று பரிமாறுகிறார்கள். தூ! முன்வரிசையில் அதே தலைமையாசிரியை, சிறந்த பள்ளிக்கான விருது வாங்கச் சிங்காரித்து உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் அவசரமாக வந்தார். "ஏம்மா, விருந்தாளிங்க அந்தப் பிள்ளையைப் பாக்கணுங்கறாங்க. போய்க் கூட்டிட்டு வா."

"நேத்தே போய்ப் பாத்தேன் சார். வீடு பூட்டிக் கிடக்கு. எங்க போனாங்கன்னு அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியல."

கொஞ்சம் யோசித்தார். வருத்தப்பட்டாரோ என்று நினைத்தால் அது நம் மடத்தனம்.

"உன் பொண்ணுக்கும் அதே வயசுதானே? அவளைக் கூட்டிட்டு வந்து நிப்பாட்டு. அவங்களுக்கு முகமா தெரியப்போவுது? அந்த ஒரு வரியைச் சொன்னாப் போதும். உன் ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவள் கழற்றினாள்.

"என் பொண்ணு கிளாஸ்ல இருக்கா சார். அவள யாரும் வர வேண்டாம்னு சொல்லல."

வியர்வையில் நனைந்திருந்த அட்டையை அவர் கையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அவர் அதை மேஜைமேல் போட்டுவிட்டுச் சானிட்டைசரைத் தேடினார்.