நத்தைக்கு நகப்பூச்சு

என் கடையில் சிவப்பு நகப்பூச்சு திடீரென்று தீர்ந்துபோனால் கல்யாண சீசன் என்று நினைத்துவிடாதீர்கள். அது என் அக்கா புருஷனின் கைங்கரியம். அழகு நிலையம் நடத்துகிறவளுக்கு எத்தனையோ விதமான ஆட்கள் வந்து போவார்கள். நகமே இல்லாத ஜீவன்களுக்காகப் பூச்சு வாங்கிப் போனவர் மாமா ஒருவர்தான். வாங்கிப் போனார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. எடுத்துக்கொண்டு போனார்.

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. உத்தமர் என்பதற்காகச் சொல்லவில்லை. சிலருக்கு விசில் அடிக்க வராது, இவருக்குப் பொய் வராது, அவ்வளவுதான். இளவயதில் குடைக்கடையில் வேலை பார்த்தார். மழையில் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறவரிடம், "இது வேணாம் சார், காத்தடிச்சா மல்லாந்துக்கும்" என்பார். முதலாளி ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டு அனுப்பினார். அப்புறம் ஒரு நாள் அக்காவைக் கூட்டிப்போக என் கடைக்கு வந்தவர், நாற்காலியில் இருந்த வாடிக்கைக்கார அம்மாவைப் பார்த்து, "முன்னாடி இருந்த முடியே நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லி வைத்தார். அந்த அம்மா இன்றுவரை எதிர்க்கடைக்குத்தான் போகிறார். மாமா என் கடை வாசலோடு நிற்க வேண்டும் என்று நான் சட்டம் போட்டது அன்றைக்குத்தான்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அரசாங்கத்தில் எண்ணுகிற வேலை கிடைத்தது. உயிரினக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் களப் பணியாளர். அங்கே முதுகெலும்பு உள்ளவற்றுக்கு மேல்மாடி. சிறுத்தை, மான், பறவை பார்க்கிறவர்களுக்கெல்லாம் சுழல்நாற்காலியும் ஏசியும் உண்டு. முதுகெலும்பு இல்லாதவற்றுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. நத்தை, அட்டை, மண்புழு, மரவட்டை, நீர்வண்டு, குளத்துச் சிப்பி எல்லாம் அங்கேதான் பாட்டில் பாட்டிலாக அடைந்து கிடந்தன. மாமா நிமிர்ந்து நின்றால் படிக்கட்டின் அடிப்பக்கம் தலையில் இடிக்கும்.

"உலகத்துல இருக்கிற உயிருங்கள்ல முக்காலே மூணு வீசம் முதுகெலும்பு இல்லாததுதான், தெரியுமா?" என்பார்.

"உங்க ஆபீஸுக்கு வந்தாலே தெரியுமே மாமா" என்பேன் நான்.

சிரிக்க மாட்டார். "அதில்லம்மா. மண்ணு மக்குறது, தண்ணி தெளியிறது, பூ காயாகுறது எல்லாம் இதுங்க வேலை. மேல்மாடிப் பறவைங்க திங்கிறதே இதுங்களைத்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். அக்கா உடனே எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. பஸ் கழுவுகிற தண்ணீரும் மழைத்தண்ணீரும் கலந்து எப்போதும் கரை ஈரமாக இருக்கும். அந்தக் கரையில் ஒரு பொடி நத்தை. சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும், நிறம் மண்ணின் நிறம். வேறெங்கேயும் அது இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரை எவரோ வைத்திருந்தார். மாமா "பொடிசுங்க" என்பார். பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் அக்காவுக்குத் தெரியும்.

டிப்போக்காரர்கள் வாய்க்காலை மூடிப் பஸ் நிறுத்த இடம் கேட்டார்கள். மூடுவதற்கு முன் நத்தையை எண்ணிச் சொல்ல வேண்டும் என்பது விதி. மாமாவின் மேலதிகாரி நேர்மையான மனிதர், விதியை ஒளிக்காமல் சொன்னார்.

"இதப் பாருய்யா. நிறைய இருந்தா காப்பாத்தத் தேவையில்ல. கொஞ்சமா இருந்தா காப்பாத்திப் பிரயோஜனமில்ல. நிறைய இருந்து மளமளன்னு குறையுதுன்னாத்தான் மேல பயப்படுவாங்க. வாய்க்காலத் தொட மாட்டாங்க."

அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த வாய்க்கால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எண்ணுகிற முறையை அவர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு மண்டபத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இருநூறு பேருக்கு நகச்சாயம் பூசிக் கூட்டத்துக்குள் விட்டுவிட வேண்டும். பிறகொரு நாள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு இருநூறு கைகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பாதிக் கை சாயத்தோடு வந்தால் கூட்டம் சின்னது. ஒரே ஒரு கைதான் என்றால் கூட்டம் கடல். நத்தைக்கும் இதே கணக்குத்தான்.

மாமாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனால் நல்ல பளிச்சென்ற சிவப்பாகப் பார்த்து எடுத்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஈரத்துணி விரித்து, இருநூறு பொடிசுகளை உட்காரவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொட்டு. என்னிடம் வேலை பழகுகிற பெண்களுக்குக்கூட அவ்வளவு நிதானம் வராது. மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தார். பொட்டு காயும்வரை விசிறினார். "வீட்டுக்கு வர்ற விருந்தாளியைக்கூட இப்படிக் கவனிச்சதில்ல" என்றாள் அக்கா.

சில வாரம் கழித்துப் போய்ப் பிடித்தார். பிடித்த இருநூறில் ஒன்றே ஒன்றில்தான் சிவப்பு. கணக்குப் போட்டால் நாற்பதாயிரம் நத்தை! மனிதர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். "நாப்பதாயிரம்! நான் நினைச்சே பாக்கல!" என்று அக்காவுக்கு ஊட்டப் போனார். கேக் பாதி வழியில் நின்றது. நிறைய இருந்தால் காப்பாற்றத் தேவையில்லை என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. நல்ல செய்திக்கு அழுத மனிதரை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

நாற்பதாயிரம் மேலே போயிற்று. அச்சாகி, கையெழுத்தும் முத்திரையும் விழுந்து, நாலு அலுவலகத்துக்கு நகலும் போயிற்று. விதிப்படி இன்னொரு தடவை எண்ண வேண்டும், சும்மா பெயருக்கு.

அதற்காக வாய்க்காலுக்குப் போன மாமா, கரையோரத்தில் ஒரு கல்லைப் பார்த்தார். கல்லைச் சுற்றிலும் உடைந்த ஓடுகள். பழுப்பு நிறப் பறவை ஒன்று அவர் கண்ணெதிரே ஒரு பொடிசைத் தூக்கிவந்து, கல்லில் தட்டி உடைத்து விழுங்கிவிட்டுப் போனது. அவர் குந்தி உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கினார். எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. மண் நிறத்தில் மறைந்து பிழைத்துக்கொண்டிருந்தவற்றைப் பறவைக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார் மாமா. பொட்டு வைத்தவை அநேகமாக எல்லாமே பறவையின் வயிற்றுக்குப் போய்விட்டன. அதனால்தான் ஒன்று மட்டும் கையில் அகப்பட்டது. நாற்பதாயிரமும் இல்லை, நாலாயிரமும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஓடுகளை மேசைமேல் கொட்டினார். "நானே கொன்னுட்டேன்" என்றார். நானும் வாயாடிதான், ஆனால் அன்றைக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அக்கா அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இரண்டாம் முறை மண் நிறத்தில் புள்ளி வைத்தார். பறவைக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும்தான் தெரியவில்லை, பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை பிடித்ததில் கால்வாசிக்குப் புள்ளி இருந்தது. கணக்கு சொன்னது: எண்ணூறு.

அதைக் கேட்டதும் மேலதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாராம். "நாப்பதாயிரத்துலேர்ந்து எண்ணூறா! பேரழிவுய்யா!" என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். பேரழிவுக்குக் கைகுலுக்குகிற அலுவலகம் அது ஒன்றுதான் இருக்கும்.

அக்கா நிலைமையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வாயத் தொறக்காதீங்க. நிறைய இருந்துச்சு, கொறஞ்சு போச்சு. வாய்க்கால் தப்பிச்சுச்சு."

"அப்படிக் கொறையலியே. பறவை தின்ன இருநூறச் சேத்தாலும் எப்பவுமே ஆயிரம்தானே இருந்திருக்கும்?"

"அதச் சொன்னா 'கொஞ்சமா இருக்கு, பிரயோஜனமில்ல'ன்னு நாளைக்கே மண்ணக் கொட்டிடுவாங்க. உங்களுக்கு வாய்க்கால் வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றார் மாமா. அதுவும் உண்மைதான்.

வாய்க்காலை மூடலாமா என்று முடிவு செய்கிற குழு டிப்போ கேன்டீனில் விசாரணைக் கூட்டம் நடத்தியது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், அக்காவும் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மாமா முன்வரிசையில் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இருந்தார், பல்வலிக்காரர் மாதிரி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முடிகிற நேரத்தில் குழுத் தலைவி, "இவ்வளவு குறைஞ்சதுக்குக் காரணம்னு ஒண்ணு எழுதணுமே. களத்துல இருந்தவர் யாரு?" என்று கேட்டார்.

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அவரைக் கிள்ள முடியாத தூரம்.

மாமா எழுந்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அப்படியெல்லாம் குறையலீங்க மேடம். நான் வச்ச சிவப்புப் பொட்டைப் பாத்துப் பறவை கொத்திட்டுப் போயிடுச்சு. அதனால முதல் கணக்கு தப்பு. எப்பவும் ஆயிரம் பக்கம்தான் இருந்திருக்கும். தப்பு என்னோடது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "ஆனா தயவுசெஞ்சு வாய்க்கால மூடாதீங்க" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. இவர் ஒரு வாய்க்காலையே தன் வாயால் மண்மூட வைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைவி மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி கூரையைப் பார்த்தார்.

"முதல் கணக்கு தப்புன்னா, நாங்க கையெழுத்துப் போட்டது தப்பா?" என்று கேட்டார் தலைவி.

"சேச்சே, அப்படி இல்லீங்க மேடம்" என்றார் மேலதிகாரி. "அது மேல போய் ஏத்துக்கிட்ட எண்ணு. இவரு களைப்புல பேசுறாரு."

"அப்ப அந்த எண்ணு சரி. நத்தைதான் குறைஞ்சிருக்கு. பறவைன்னு சொன்னாரில்ல, அதைக் காரணமா எழுதுங்க."

"மேடம், பறவை தின்னது நான் பொட்டு வச்சதை மட்டும்தான்..." என்று மாமா மறுபடி தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் அன்பாக அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வாய்க்கால் பிழைத்தது. கம்பிவேலி வந்தது, பூட்டு வந்தது, பறவைகள் உள்ளே வராமல் இருக்க ஒரு பலகைகூட எழுதி வைத்தார்கள். அலுவலகத்தில் மாமாவுக்குச் சால்வை போட்டார்கள். அவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, செய்த குற்றத்திலிருந்து விடுதலையானவர்போல வீட்டுக்கு வந்தார். அவருக்கு மகிழ்ச்சியும் இருந்தது, அவமானமும் இருந்தது. உண்மையைச் சொல்லியும் பொய் சொன்னமாதிரி இருக்கிறது என்று நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆணையின் நகல் வந்தது. அக்கா சத்தமாக வாசித்தாள். களப் பணியாளர் ஆண்டுதோறும் நத்தைகளை உண்மையாக எண்ணி அறிக்கை தர வேண்டும். எண்ணிக்கை பழையபடி நாற்பதாயிரத்தை எட்டும் நாளில் பாதுகாப்பு நீக்கப்பட்டு வாகன நிறுத்தம் கட்டப்படும்.

"இன்னொரு தடவ படி" என்றார் மாமா.

அக்கா படித்தாள்.

"அந்த வாய்க்கால்ல நாப்பதாயிரம் எந்தக் காலத்துலயும் இருந்ததில்லையே" என்றார் மெதுவாக. "இருக்கவும் இடம் கிடையாதே."

"அதுக்கென்ன இப்ப?" என்றாள் அக்கா. "வருஷா வருஷம் போய் எண்ணுங்க. உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்க. ஒரு பொய்கூடச் சொல்ல வேணாம்."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து அக்காவே பார்த்ததில்லையாம்.