திக்லிபூர் பஸ்ஸில் போன கேரியர்

எங்கள் டிபன் கேரியருக்கு என்னைவிட வயது குறைவு, ஆனால் என்னைவிட அதிகமாகப் பயணம் செய்திருக்கிறது. போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் அம்மா வீட்டிலிருந்து திக்லிபூரில் என் வாடகை வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, ஐந்தாறு வருடம், பஸ்ஸில் வந்து போன கேரியர் அது. இப்போது எனக்குப் போர்ட் பிளேருக்கே மாற்றல் கிடைத்து, அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். கேரியரைக் கையில் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பஸ்ஸை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்தமான் தீவுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெயின்லாண்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்கு அப்போது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். காட்டுப் பாதையில் எல்லா வண்டிகளும் ஒன்றுசேரும்வரை காத்திருந்து, போலீஸ் துணையோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவே கடல் குறுக்கிடும் இடங்களில் பஸ்ஸையே படகில் ஏற்றுவார்கள். இத்தனையையும் தாண்டி ஒருவர் வருகிறார் என்றால் அவர் கையில் இன்னும் நான்கு வீட்டுப் பார்சலாவது இருக்கும். மருந்து, ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, கருவாடு எல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான். என் அம்மா சனிக்கிழமைதோறும் கேரியரைக் கொடுத்தனுப்புவாள். சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வங்காளி டிரைவர் ஜன்னல் வழியாக நீட்டி, "டீச்சர்ஜி, டப்பா" என்பார்.

பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் சாமான்கள்தான் அதில் வரும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. திங்கட்கிழமை நான் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. பிறத்தியார் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது. காலியாகத் திருப்பினால் உறவு போதும் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா கிண்ணத்தைக் கழுவிக் காலியாகக் கொடுத்ததற்காக, அம்மா அவரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தாள். அந்தம்மாவுக்குக் கடைசிவரை காரணமே தெரியாது.

எனக்கோ சமையல் சுத்தமாக வராது. முதல் வருடம் முழுக்கக் கேரியரில் பாக்கும் வாழைப்பழமும் கடை பிஸ்கட்டும் வைத்து அனுப்பினேன். வேலைக்குப் போன மகளா, பெட்டிக்கடையா என்று அம்மா போனில் கேட்டாள்.

இரண்டாம் வருட மழைக்காலத்தில் சிஸ்டர் வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகியது. என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. என் பள்ளித் தலைமையாசிரியைதான் பேசி முடித்து வைத்தார். ஒரு நர்ஸ் கூடத் தங்கியிருக்கிறாள் என்று அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஊர் என்னை டீச்சர் என்றது, அவளை சிஸ்டர் என்றது. நாங்களும் வீட்டுக்குள் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். 'டீச்சர்' என்று மரியாதையாக ஆரம்பித்து அடுத்த வார்த்தையிலேயே 'நீ' என்பாள். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் கேரியரில் பிஸ்கட் அடுக்குவதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை அவளே சமைத்து நிரப்பினாள். கொறுக்காய்ப்புளி போட்ட சூரை மீன். நம்மூரில் குடம்புளி என்கிறோமே, அதை வெந்நீரில் ஊறவைத்து, மிளகும் உப்பும் சேர்த்து அரைத்து, மீன் துண்டுகளில் பூசி, சட்டியில் வாழையிலை போட்டு, தண்ணீர் முழுக்க வற்றும்வரை சிறு தீயில் வைப்பாள். கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். நான்கு நாளானாலும் கெடாது. அவள் அம்மா தோட்ட வேலைக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு அது.

அம்மா உடனே போன் செய்தாள். அப்பா இரண்டு தரம் சோறு வாங்கினாராம். நீ எப்போது சமைக்கக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. சிஸ்டர் சமைத்தது என்று சொல்ல ஒரு நொடி போதும். நான், "இப்பத்தான்மா" என்றேன்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் வந்தது. முதலில் அது வெறும் பெருமைக்குச் சொன்ன பொய். பிறகு உண்மையைச் சொல்லப் பயந்தேன். ஏனென்றால் சிஸ்டரின் பெயரைச் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்ற நிலை வந்துவிட்டது. அவள் அண்ணனைப் பார்க்கக் கச்சாலுக்குப் போயிருந்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. கடல் சரியில்லை என்று கப்பலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் மூன்று நாள் தொடர்ந்து ஏரியல் பே ஜெட்டிக்குப் போய், கப்பல் வராது என்று தெரிந்தும் நின்றேன். நான்காம் நாள் அவள் இறங்கி வந்து, தலையெல்லாம் உப்புப் பிசுபிசுக்க, "டீச்சர், நீ எதுக்கு வந்த? மெலிஞ்சு போயிட்டியே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. இரண்டு பெண்கள் கைபிடித்து உட்கார்ந்திருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்? அந்த வருடங்களில் எங்களுக்கு வாய்த்த பெரிய சௌகரியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் காயப்போட்ட பாக்கைப் புரட்டிவிட்டுக்கொண்டே அவள் பாட, நான் பரீட்சைத் தாள் திருத்துவேன். மலையுச்சி மேகத்துக்குள் போனால் துணியை எடுக்க ஓடுவோம். அவ்வளவுதான் எங்கள் கதை. நான் அதைவிட நன்றாக எங்கேயும் இருந்ததில்லை.

அம்மா பக்கம் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பொதுப்பணித் துறை வேலைக்காக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்தவர். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பயம், ஊரிலேயே இருப்பவர்களைவிட இரண்டு மடங்கு. மெயின்லாண்ட் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு தடவை பெரியம்மா மகள் கல்யாணத்துக்குக் கப்பலில் மூன்று நாள் போனோம். பெண்ணை அனுப்பும்போது பெரியம்மா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "ஒண்ணும் தெரியாத புள்ள, நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லி உடைந்து அழுதாள். திரும்பும்போது கப்பல் மேல்தளத்தில் அம்மா என்னிடம் சொன்னாள்: "உனக்குச் சொல்லும்போது பாரு, நான் அழ மாட்டேன்."

இப்படியிருக்க, விருதுநகரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்த்ததும் ஆயிற்று, அந்தமான் சுற்றியதும் ஆயிற்று என்று குடும்பத்தோடு விமானத்தில் வந்து இறங்கினார்கள். அம்மா அவர்களிடம் என் மீனைப் பற்றி ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று அப்பா கேட்டதால் லீவு போட்டுப் போனேன். அடுக்களையில் இரண்டு பெரிய சூரை காத்திருந்தது. குடம்புளிகூடக் கேரளாக்காரர் கடையில் அம்மா வாங்கி வைத்திருந்தாள். நல்ல புடவையில் அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "செய்யி, நானும் பார்த்துக்கறேன்" என்றாள்.

சிஸ்டர் சமைத்ததை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் பார்த்ததெல்லாம் அவளைத்தான். சட்டியை இல்லை. காய்ந்த புளியை ஊறவைக்காமல் அப்படியே மீன் மேல் போட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்.

அம்மா எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"ஏத்தா, இத்தனை வருசமா யாரு சமைச்சு அனுப்புனது?"

"சிஸ்டர்மா."

அது மட்டும்தான் என்றால் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டாள். எனக்கு இந்த மாப்பிள்ளை மட்டுமல்ல, எந்த மாப்பிள்ளையும் வேண்டாம், நான் அவளோடுதான் இருப்பேன் என்றேன். கூட்டாளியோடு இருப்பதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம், கட்டிக்கொண்ட பிறகும் பழகு, யார் வேண்டாமென்றது என்றாள்.

"கூட்டாளி இல்லம்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் விருந்தாளிகள் கடற்கரையில் எடுத்த போட்டோக்களை அப்பாவுக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்து, சிரித்த முகத்தோடு பரிமாறினாள். அடுத்த வாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாளாம். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு நான் இன்றைக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் நான் கிளம்பும்போது கேரியரைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். என்னை வைத்துக்கொண்டுதான் வைத்தாள்.

பிறகு பதினான்கு மாதம் கேரியர் வரவில்லை. நான் போன் செய்தால் அம்மா அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். மழை உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று அப்பா கேட்பார். ஊரில் எல்லோரும் இப்படிக் கேட்பதுதான். சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். வெறும் பருப்புப்பொடிக்கா இத்தனை ஏக்கம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சிஸ்டர் பருப்பு வறுத்துப் பொடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அம்மாவுடையதுபோல் இல்லை.

ஒரு சனிக்கிழமை டிரைவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர்ஜி, டப்பா."

வாங்கிக்கொண்டேன். தூக்கியவுடனே தெரிந்துவிட்டது, கனமே இல்லை. மூன்று அடுக்கையும் திறந்தேன். மூன்றும் காலி. பளபளவென்று தேய்த்து, ஈரம் போகத் துடைத்து அனுப்பியிருந்தாள். அவள் சட்டம் எனக்குத் தெரியாதா? உறவு போதும் என்கிறாள், அதைச் சொல்லப் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறாள் என்று கத்தினேன். கேரியரைக் கிணற்றில் போடப்போவதாகச் சொன்னேன். நல்லவேளை, எங்கள் வீட்டில் கிணறு இல்லை.

சிஸ்டர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு அடுக்காக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"டீச்சர், உங்கம்மா கோவத்துல அனுப்புனா இத்தன வெளக்கி அனுப்புவாங்களா? இது அவங்க டப்பா. நம்ம டப்பாவா திருப்பி அனுப்ப? ரொப்பிக் குடுங்கிறாங்க."

உனக்கு என் அம்மாவைத் தெரியாது என்றேன். உனக்கு மட்டும் தெரியுமா என்றாள். அன்று பெரிய சண்டை. அந்த வீட்டில் நாங்கள் போட்ட சண்டைகளில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக ஏரியல் பேக்குப் போய் சூரை வாங்கி வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று அடுக்கும் மீன். திங்கட்கிழமை அவளே கொண்டுபோய் பஸ்ஸில் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. நல்லா இருக்கியா என்ற கேள்விகூட இல்லை.

"சிஸ்டர் வந்துட்டாளா? அவகிட்ட குடு."

கொடுத்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நேராக நிமிர்ந்து நின்றாள், பெரிய டாக்டர் முன்னால் நிற்பதுபோல. இந்தப் பக்கம் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஆமாங்கம்மா என்றாள். நாலு சுளை போதுங்கம்மா, வெந்நீரில் ஊறணும் என்றாள். காய்ச்சல் எத்தனை நாளாக இருந்தது என்று விசாரித்தாள். மாத்திரையின் பெயரைக் கேட்டு, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள் என்றாள். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரிங்கம்மா" என்றாள். மறுபடியும், "சரிங்கம்மா."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லையாம். மூன்று வாரமாகக் கஞ்சிதானாம்; போனில் என்னிடம் அப்பா அதைச் சொல்லவேயில்லை. அந்த மீன் இருந்தால் ஒரு வாய் சாப்பிடுவேன் என்றாராம். அம்மா தானே செய்து பார்த்திருக்கிறாள், வரவில்லை. கேட்க வாய் வரவில்லை, அதனால் கேரியரைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள்.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றேன்.

அவள் கைக்கடிகாரத்தின் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுத்தாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, கோவம் மட்டும்தான் வரும், நீதான் பார்த்துக்கணும்னாங்க."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லும்போது உங்கம்மா அழுதாங்க டீச்சர்."