லோரெட்டா இரண்டு முறை படித்த புள்ளியியல்

லோரெட்டா பிக்கெட் எங்கள் பள்ளிப் பேருந்து டிப்போவில் பதினோராம் எண் வண்டியை ஓட்டியவள். நாற்பத்து மூன்று வயது. வண்டியில் வரும் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் ஆசை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடியே பாதிப் பாடத்தை நடத்திவிடுவாள். மீதிக்குப் பட்டம் வேண்டும் என்றது கலிபோர்னியா அரசு.

கையில் காசில்லாதவர்கள் பட்டம் வாங்க எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. முதல் இரண்டு வருடத்தைச் சமுதாயக் கல்லூரியில் மலிவாகப் படித்துவிட்டு, மீதிக்கு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். மாலையில் மட்டும் படிக்க முடிந்த லோரெட்டாவுக்கு அந்த இரண்டு வருடம் ஆறு வருடமானது. அதற்குள் ஐந்து ஆலோசகர்கள் மாறினார்கள். எந்தெந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். ஒரு புண்ணியவான், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு வகுப்பில்கூட அவளைச் சேர்த்துவிட்டார்.

மாறும் நேரம் வந்தது. பல்கலைக்கழகம் அவளுடைய மதிப்பெண் பட்டியலை வரிவரியாக ஆராய்ந்து கடிதம் அனுப்பியது. கட்டை சாய்த்தது செல்லுமாம். புள்ளியியல் செல்லாதாம், அது எங்கள் பாடத்துக்கு ஈடாகாது, இங்கே வந்து படி என்றார்கள். ஆசிரியைக்குக் கட்டை சாய்க்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் நாள் பல்கலைக்கழக வகுப்புக்குள் நுழைந்தால், பலகை முன்னால் வென்டெல் ஹாஸ்கின்ஸ் நிற்கிறார். கல்லூரியில் அவளுக்குப் புள்ளியியல் நடத்திய அதே மனிதர். அவருக்கு எங்கேயும் நிரந்தர வேலை கிடையாது. திங்கள் அங்கே, செவ்வாய் இங்கே என்று பாதி வாழ்க்கை காரில்தான். நாற்பது மைல் கார் ஓட்டினால் பாடத்தின் தரம் உயர்ந்துவிடும் போலிருக்கிறது.

"நீ இங்க என்ன பண்ற, லோரெட்டா? உனக்குத்தான் அங்கயே ஏ கிரேடு போட்டேனே."

"அது செல்லாத ஏவாம், வென்டெல்."

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. "புஸ்தகம் அதேதான். புதுசா வாங்கிடாத," என்றார்.

பழைய நோட்டோடு பதினைந்து வாரம் அரைத்த மாவையே அரைத்தாள். அவர் நகைச்சுவை சொல்வதற்கு ஒரு வரி முன்பே சிரித்துவிடுவாளாம். மறுபடியும் ஏ வாங்கினாள்.

மற்ற பாடங்களையும் முடித்தாள். ஆசிரியர் பயிற்சியில் இடமும் கிடைத்தது. பட்டம் உறுதி என்று ஒரு தாளை வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். புதன்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. புள்ளியியலை நீங்கள் சமுதாயக் கல்லூரியிலேயே படித்திருக்கிறீர்கள், ஒரே பாடத்தை இரண்டாம் முறை படித்ததை ஏற்க இயலாது, ஆகவே பட்டத்துக்கு ஒரு பாடம் குறைகிறது.

யானை போய் வால் மாட்டிக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலுவலகத்துக்குள்ளேயே வண்டியை விட்டிருப்பேன். லோரெட்டா டிப்போ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, சீருடையோடு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தேன் ஒழுகும் குரலில் விதியை விளக்கினாள். அவள் முடித்ததும் லோரெட்டா இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல ரெண்டும் வேற வேற பாடம்னு எழுதியிருக்கீங்க. இதுல ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதியிருக்கீங்க. வேறன்னா ரெண்டாவது ஏவை எடுத்துக்கங்க. ஒண்ணுன்னா மொத ஏவை எடுத்துக்கங்க. ரெண்டையும் நான் கேக்கல மேடம். ஒண்ணு போதும்."

அந்தப் பெண் இரண்டையும் மூன்று முறை படித்தாள். பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது நிமிடம் கழித்து முத்திரை குத்திய தாளோடு வந்தாள். எந்த ஏ செல்லுபடியானது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பதினோராம் எண் வண்டியை இப்போது நான் ஓட்டுகிறேன். லோரெட்டாவின் வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் வருகிறார்கள். சரியாகப் போட்ட கணக்கை எங்கள் டீச்சர் மறுபடி போடச் சொல்லவே மாட்டார் என்று அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை.