கொள்ளிடக்கரை இணைப்புப் பெட்டி

அந்தக் கண்ணாடி இழையை முறித்தவள் நான்தான். அந்தோணிசாமி அல்ல.

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு என்னை எப்படி வேண்டுமானாலும் எடைபோடுங்கள்... மறுத்துப் பேசத் தெம்பில்லை.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போகும் மின்கோபுரங்களின் உச்சிக் கம்பியில் ஒளியிழைக் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு சப்ஸ்டேஷன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான சோதனை முயற்சி. இழைகளை இணைப்பது என் பொறுப்பு. குழுவில் நான் ஒருத்திதான் பெண். கேபிளை இழுத்தவர் அந்தோணிசாமி, பன்னிரண்டு வருடக் காண்ட்ராக்ட் ஆள். இந்த வேலை முடிந்ததும் நிரந்தரம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"முடி மாதிரி இருக்கிற இந்தக் கண்ணாடிக்குள்ள பேச்சு போகுமா மேடம்? எங்க வீட்டுக்காரி பேச்சை இது தாங்காதுங்க!" என்பார்.

என் சரிபார்ப்புத் தாளில் ஒன்பது வரிகள். ஏழாவது: மிச்ச இழையை இணைப்புப் பெட்டிக்குள் அகன்ற வளையமாகச் சுருட்டி, வளையத்தின் அகலத்தை அளந்து பார்க்கவும். இறுக்கிச் சுருட்டினால் கண்ணாடி சில நாள் தாங்கும், பிறகு முறியும்.

கொள்ளிடக்கரைப் பெட்டியை நான் மூடும்போது, லைனில் மின்சாரத்தை நிறுத்திவைக்கக் கொடுத்திருந்த நேரம் முடியவிருந்தது. "பொம்பளைங்களை வேலைக்கு வெச்சா இப்படித்தான்யா!" என்று மேற்பார்வையாளர் யாரிடமோ சிரித்தார். இன்னும் பத்து நிமிடம் கேட்டிருக்கலாமே! ஏன் கேட்கவில்லை? இரண்டு விரல் அகலத்துக்கு இழையைச் சுருட்டித் திணித்தேன். அளக்காமலே ஏழாவது வரியில் டிக் அடித்தேன்.

மூன்றாம் வாரம் இணைப்பு செத்தது.

"இழுத்தவன் முரட்டுப்பய. வேறென்ன?" என்றார் மேற்பார்வையாளர். அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. நிரந்தரப் பட்டியலில் அந்தோணிசாமியின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள்.

பிறகு நானே போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் வளையம்... நடுவில் முறிந்திருந்தது. சரிசெய்தேன். 'இழுவையால் நேர்ந்த சேதம் நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பாராட்டுகூட வந்தது!

ஒரு வருடம் கழித்துத் திருவானைக்காவலில் டவுன் பஸ் ஏறினேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்தோணிசாமி.

"உட்காருங்க மேடம். அன்னிக்கு நான்தான் கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன் போல... உங்க வேலையையும் கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்லைங்க" என்றேன்.

ஆம்... அவரை நான் மன்னித்தேன்! அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்தும் கொண்டேன்.